ஃபால்கனுக்கு ஒரு மூச்சுக்குழாய்

புக்கிட் மெலாத்தி தோட்டம், கெமாஸ்
3 மார்ச் 2024

தம்பி சீலனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் ஏன் கூப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணனின் கருமாதியன்று நாம் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் பூசாரி மந்திரத்தையே நிறுத்திவிட்டார். மறுபடி அப்படிக் கத்த எனக்குத் தெம்பில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச முடியாது.

விஷயம் கார்தான். பழைய இரும்பு லாரியைக் கூட்டிவந்து நீ இழுத்துப்போகப் பார்த்தாயே, அதே ஃபால்கன். இப்போது ஓடுகிறது. உன் அண்ணன் விட்டுப்போன மிச்ச வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே முடித்தேன். எஞ்சின் முதல் தடவை பிடித்தபோது, மாடு மிரண்டு ஓடிவிட்டது என்று பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா சண்டைக்கு வந்துவிட்டார்.

காலையில் நன்றாகத்தான் போகிறது. வெயிலில் கெமாஸ் டவுனில் கொஞ்சம் நின்றால் போதும், இருமத் தொடங்குகிறது. அமுக்கினால் இழுப்பதில்லை. பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றையே எடுத்துக் குடிக்கிறது, வேறென்ன செய்யும்? வெளிக்காற்றைக் கொண்டுவர அதற்கு ஒரு குழாயும் பெட்டியும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் செய்த காருக்கு ஐம்பது வருஷம் கழித்து இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? நாமேதான் செய்ய வேண்டும்.

தகடு வெட்ட, மடிக்க, ஒட்ட என்னால் முடியும். மகேந்திரன் பட்டறையில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் புகைக்கூண்டு செய்து செய்து கை பழகியிருக்கிறது. ஆனால் குழாய் எவ்வளவு அகலம், எங்கே வளைய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நீ பிந்துலு எரிவாயு ஆலையில் அதைத்தானே வரைகிறாய்? எனக்கு உன் அன்பு வேண்டாம், வரைபடம் வேண்டும்.

எஞ்சின் அறையை அளந்து அட்டை வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

தனலெட்சுமி


பிந்துலு, சரவாக்
14 மார்ச் 2024

அண்ணிக்கு வணக்கம்.

அந்தக் கார் இன்னும் அங்கே நிற்கிறது என்பதே எனக்கு எரிச்சல். அதை நோண்டிக்கொண்டு கொட்டகைச் சூட்டில் கிடந்து கிடந்துதான் அண்ணனின் நெஞ்சு நின்றது. என்னைக் கேட்டால், விற்றுவிடுங்கள். வாங்க ஆளில்லை என்றால் சும்மா கொடுங்கள். இதுதான் என் பதில்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் அந்த அட்டை! எது முன்பக்கம், எது பின்பக்கம்? ரேடியேட்டர் எங்கே? ஒரு மூலையில் வட்டம் போட்டு ‘இது இடிக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது இடிக்கும், அண்ணி? எதை இடிக்கும்? பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவெடுத்தால் அது மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி, கடைசியில் பிஸ்கட்டுக்குத்தான் பொருந்தும். ஆபீஸ் மேசையில் அதை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் என் மேலதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். எந்த எரிவாயுக் கிணற்றுக்கு இந்தக் குழாய் என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

இதற்குக் கோல்ட் ஏர் இன்டேக் என்று பெயர், அதாவது குளிர்காற்றுக் குழாய். காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு பலம். ரகசியம் ஒன்றுமில்லை. மிகக் குளிர்ந்த காற்று முன் பம்பருக்குக் கீழே, சாலையை ஒட்டிக் கிடைக்கும். அங்கே குழாயின் வாயை வைத்து, மேலே கொண்டுவந்து, ஏர் ஃபில்டரைச் சுற்றி மூடின பெட்டிக்குள் விட வேண்டும். படம் வைத்திருக்கிறேன். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன், ஒரு விடுமுறை நாள் முழுதும் போய்விட்டது. இனி என்னைக் கேட்காதீர்கள்.

சத்தியசீலன்


கெமாஸ்
25 மார்ச் 2024

சீலா,

படம் அழகாக இருக்கிறது. சுவரில் மாட்டலாம். காரில் மாட்ட முடியாது.

முதலாவது, உன் குழாய் பேட்டரிக்குள் புகுந்து வெளியே வருகிறது. வட்டம் போட்டு ‘இது இடிக்கும்’ என்று நான் எழுதியது அதைத்தான். கேட்டாயே, இப்போது தெரிந்துகொள்.

இரண்டாவது, பிறந்து வளர்ந்த ஊரை இவ்வளவு சீக்கிரம் மறப்பாயா? தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக ரயில் பாலத்துக்கு அடியில்தானே போக வேண்டும்? அரை நாள் மழை பெய்தால் அங்கே முட்டிவரை தண்ணீர் நிற்கும். பம்பருக்குக் கீழே வாயை வைத்தால் எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும். தண்ணீர் பிஸ்டனுக்கு மேல் போனால் அமுங்காது, உள்ளே இருக்கிற கம்பி வளைந்துவிடும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது. போன மாதம்தான் நம் தோட்டத்து வீரமுத்துவின் புது வேன் அந்த இடத்தில் படுத்தது. அவன் இன்னும் மோட்டார் சைக்கிளில் அலைகிறான்.

ஆகையால் வாய் மேலே இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஹெட்லைட் உயரத்தில், கிரில்லுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. பேட்டரியைத் தூக்கிப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டேன். இனி எதுவும் இடிக்காது. அதற்கு வரை.

இன்னொன்று. கார் அண்ணனைத் தின்றது என்று இனி எழுதாதே. அவருக்கு நெஞ்சு வலி அதற்கு முன்பே இருந்தது. தோளில் தைலம் தேய்க்கச் சொன்னார். பாரம் தூக்கினதால் பிடித்துக்கொண்டது என்றார். “கிளினிக் போலாம் வாங்க” என்றேன். “சும்மா இரு லா, நாளைக்குச் சரியாயிடும்” என்றார். நெஞ்சு வலி என்று உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவர் செய்த காரியம் அது. அவர்மேல் கோபப்பட முடியாமல் நீ இரும்பின்மேல் கோபப்படுகிறாய். எனக்கு அந்த வசதியும் கிடையாது. நான் அவர்மேல்தான் கோபமாக இருக்கிறேன், தினமும்.

ஒரு குழாயை நானே மாட்டிப் பார்த்தேன். போட்டோ வைத்திருக்கிறேன்.

தனலெட்சுமி


பிந்துலு
4 ஏப்ரல் 2024

அண்ணி,

போட்டோவைப் பார்த்தேன். கடவுளே.

அது புகைக்கூண்டுக்குப் பின்னால் மாட்டுகிற, சுருங்கி விரிகிற அலுமினியக் குழாய். அதன் உள்பக்கம் முழுக்க மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் காற்று தடுக்கி விழும். அதிலும் நீங்கள் அதை மூன்று இடத்தில் வளைத்திருக்கிறீர்கள். இறால் வால் மாதிரி இருக்கிறது. பெட்டிக்கு மூடியும் இல்லை. வெளிக்காற்றை அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து, சூட்டுக் காற்றோடு கலந்து கொடுப்பதற்கு எதற்கு இந்த வேலை? எஞ்சின் முன்பைவிட மோசமாக ஓடியிருக்குமே? உண்மையைச் சொல்லுங்கள்.

ரயில் பாலத்துத் தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்லமாட்டேன்.

புதுப் படம் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வளைவு, அதுவும் அகலமாக. உள்ளே வழவழப்பான தகடு. குழாயின் வாயை நேராக வெட்டி விடாதீர்கள், விளிம்பை வெளிப்பக்கம் மணி மாதிரி விரித்துவிடுங்கள். அப்போதுதான் காற்று வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. மழைத்துளி வந்தால் வடியட்டும். பெட்டியின் மேல் விளிம்பு பானெட்டின் அடியில் போய் ரப்பரோடு ஒட்ட வேண்டும்.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு தடுப்புப் பலகையும் வையுங்கள். எஞ்சின் சூடு கீழிருந்து ஏறி பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. பாதி இருமல் அதனால்தான். குழாய் மட்டும் போட்டால் போகாது. இங்கே லேத் பட்டறையில் ஒன்றைக் கடைந்து வாங்கி அனுப்புகிறேன். அதை வைத்தால் எல்லாமே கொஞ்சம் உயரும். பானெட் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தாலும் தயவுசெய்து பானெட்டை வெட்டாதீர்கள். உங்களைத் தெரியும் எனக்கு. வெட்டாதீர்கள்.

சத்தியசீலன்


கெமாஸ்
2 ஜூன் 2024

சீலா,

பானெட்டை வெட்டவில்லை. ரம்பத்தைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய பலகையை வைத்ததும் ஃபில்டர் மூடி மேலே இடித்தது. எவ்வளவு இடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பானெட்டை மூடினால் உள்ளே தெரியாது, திறந்தால் இடிக்காது. சப்பாத்தி மாவு பிசைந்து உருண்டை உருண்டையாக மூடியின் மேல் வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தேன். சில உருண்டை வடை மாதிரி தட்டையாகியிருந்தது, சில அப்பளமாகியிருந்தது. அப்பளமான இடத்தில் பெட்டியைத் தாழ்த்தினேன். முத்தாயி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “என்னா தனம், காருக்குப் படையலா?” என்று கேட்டார். அடுத்த உருண்டையை வைத்தேன். தோட்டம் முழுக்க என்ன பேசிக்கொள்கிறார்களோ தெரியாது.

உன் வட்டக் குழாய் ரேடியேட்டர் ஹோஸுக்கும் பானெட்டுக்கும் நடுவில் நுழையவே நுழையாது. நீ அளவைப் பார்க்காமல் ஆசைப்பட்டு வரைந்திருக்கிறாய். நான் புகைக்கூண்டு வழி மாதிரி அகலமாக, தட்டையாகச் செய்தேன். உள்ளே போகிற இடம் அதே அளவுதான், கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வெட்டினேன். வாயை விரிக்க மட்டும் பெரும்பாடு. சோற்றுப் பானையின் அடியில் வைத்துத் தட்டித் தட்டி இரண்டு தகடு கிழிந்தது. மூன்றாவதைப் பட்டறையில் செய்தேன். மகேந்திரன் பார்த்துவிட்டு, “அக்கா, இது எந்தக் கடைக்கு ஆர்டர்?” என்றார். “எங்க வீட்டுக்கு லா” என்றேன். “வீட்டுல அவ்ளோ புகையா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பில்லையே.

நேற்று மாட்டினேன். எண்ணெய்ச் சூடு பார்க்கிற கம்பியைச் சாப்பாட்டுக் கடையில் இரவல் வாங்கிப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். முன்பு அறுபது டிகிரியைத் தாண்டும். இப்போது நல்ல வெயிலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது முப்பத்தாறு. வெளியே முப்பத்து மூன்று. டவுனில் வேண்டுமென்றே சந்தைப் பக்கம் வண்டி நெரிசலில் போய் நின்றேன். இருமவில்லை. பச்சை விழுந்ததும் அமுக்கினேன். சீலா, பின்சீட்டில் வைத்திருந்த வெங்காய மூட்டை உருண்டு கீழே விழுந்துவிட்டது.

தனலெட்சுமி


பிந்துலு
11 ஜூன் 2024

அண்ணி,

முப்பத்தாறா? கம்பியைப் பெட்டியின் எந்தப் பக்கம் விட்டீர்கள்? வாய்ப் பக்கமா, கார்புரேட்டர் பக்கமா? வாய்ப் பக்கம் என்றால் கணக்கில் சேராது. மறுபடி எடுங்கள். நகரும்போது தனி, நிற்கும்போது தனி.

தட்டைக் குழாய் யோசனை மோசமில்லை. ஆனால் மூலைகள் கூராக இருக்கின்றன என்று போட்டோவில் தெரிகிறது. அந்த மூலையில் காற்று சுழன்றுகொண்டு நிற்கும். உருட்டிவிடுங்கள். ஒட்டின இடமும் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. உள்பக்கம் தேய்த்தீர்களா? தேய்த்திருக்கமாட்டீர்கள்.

பானெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்க இங்கே நல்ல ரப்பர் கிடைத்தது. அனுப்புகிறேன். நீங்கள் குளிர்பெட்டிக் கதவு ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அது ஒரு வருஷத்தில் உருகிவிடும்.

தீபாவளிக்கு லீவு எடுக்கிறேன். வந்து ஓட்டிப் பார்க்கிறேன். நான் வரும்வரை எதையும் மாற்றாதீர்கள்.

சத்தியசீலன்


கெமாஸ்
15 செப்டம்பர் 2024

சீலா,

மூலையை உருட்டினேன். தேய்த்தேன். ரப்பரும் போட்டாயிற்று. வாகனப் பரிசோதனை முடிந்தது, சாலை வரியும் கட்டியாயிற்று. போன வாரம் போர்ட்டிக்சன் கடற்கரைவரை நான் தனியாக ஓட்டிப் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை.

காரை விற்றுவிட்டேன். அம்பாங்கானில் இருக்கிற சீவரத்தினம் என்பவர் வாங்குகிறார். நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமையான மனிதர். முன்பணம் வாங்கியாயிற்று, அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தனலெட்சுமி


பிந்துலு
24 செப்டம்பர் 2024

அண்ணி,

விற்றுவிட்டீர்களா?

ஆரம்பத்தில் விற்கச் சொன்னேன், கேட்கவில்லை. பழைய இரும்பு லாரிக்கு முன்னால் போய் நின்றீர்கள். என்னை இத்தனை மாதம் குழாய், ரப்பர், பலகை என்று ஆட்டிவைத்தீர்கள். இங்கே லேத் பட்டறைக்காரன் என்னைக் கண்டால் ஒளிகிறான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஃபால்கன் எஞ்சின் படம் பார்க்கிறேன் என்று ஆபீசில் கேலி. எல்லாம் முடிந்து அது ஒழுங்காக மூச்சு விடத் தொடங்கியதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ ஒருவருக்குக் கொடுப்பீர்களா? தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதினேனே, படிக்கவே இல்லையா? அது அண்ணன் கார். அந்தப் பெட்டியில் பாதி என்னுடையது. எந்த நியாயம் இது?

முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த மனிதரிடம் நான் பேசுகிறேன்.

சத்தியசீலன்


கெமாஸ்
1 அக்டோபர் 2024

சீலா,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

லாரிக்கு முன்னால் நின்றது அந்தக் காரைக் காலம் முழுக்க வைத்துக்கொள்ள அல்ல. அரைகுறையாக, செத்தது செத்தபடியே, இரும்பு விலைக்குப் போகக் கூடாது என்றுதான். அவர் கை வைத்த ஒன்றாவது முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. போர்ட்டிக்சனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன் இல்லையா, அன்று தெரிந்தது, எனக்கு அந்தக் காரைப் பிடிக்கவே இல்லை. ஸ்டீயரிங் கல் மாதிரி. சத்தத்தில் காது அடைக்கிறது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. கடற்கரையில் நிறுத்தினால் ஊர் ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்று, “அக்கா, ஹஸ்பண்ட் காரா?” என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு ஆமாம் என்றேன். இரண்டாவது ஆளுக்கும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு சின்ன ஆட்டோ கியர் கார் வேண்டும், சீலா. ஏர்கான் வேண்டும். யாரும் எதுவும் கேட்காத கார்.

பேச்சு மாற மாட்டேன். சீவரத்தினத்தைத் தொந்தரவு செய்யாதே. ஆனால் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காரை அம்பாங்கானில் சேர்க்க வேண்டும். நான் ஓட்டப்போவதில்லை. நீ வந்து ஓட்டு.

தனலெட்சுமி


பிந்துலு
20 அக்டோபர் 2024

அண்ணி,

காரைக் கொடுத்த அன்று நடந்ததைப் பற்றித் திரும்பி வரும்போது ரயிலில் பேச வேண்டாம் என்றீர்கள். கெமாஸ் ஸ்டேஷன்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுதக்கூடாது என்று நீங்கள் சொல்லாததால் என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

கொட்டகையில் நீங்கள் பானெட்டைத் தூக்கியபோது நான் குறை தேடித்தான் குனிந்தேன். மூன்று கண்டுபிடித்தேன். சொல்லிக்கொண்டே இருந்தபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான்காவதைச் சொல்லவில்லை. சாவியைத் திருப்பினேன். அண்ணன் என்னிடம் போனில் அந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் போனைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் புரிந்தது.

பாஹாவ் தாண்டும்வரை நான் வேகமாகப் போகிறேன் என்று திட்டினீர்கள். கோலப்பிலாவில் மெதுவாகப் போகிறேன் என்று திட்டினீர்கள். புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் மரம் ஏற்றிய லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனோம். நான் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு, இப்போது இருமும், இப்போது இருமும் என்று காத்திருந்தேன். இருமவில்லை. வழி கிடைத்ததும் கொஞ்சம் அமுக்கினேன். “பயந்தாங்கொள்ளி, இன்னும் அமுக்கு லா” என்றீர்கள். அமுக்கினேன். பெட்டி காற்றை இழுக்கிற சத்தம் ஒரு பெரிய மிருகம் மூச்சு வாங்குகிற மாதிரி கேட்டது. லாரி பின்னால் சின்னதாகப் போய்விட்டது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உச்சியில் இரண்டு பேரும் சிரிப்பதை ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டோம். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சீவரத்தினம் ஐயா நல்ல மனிதர்தான். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். “இந்த வேலை எங்கே செய்வித்தீர்கள்?” என்று கேட்டார். “கெமாஸ்ல பாதி, பிந்துலுல பாதி” என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. நீங்கள் விளக்கவும் இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. டாக்சி கூப்பிடுகிறேன் என்றேன், காதில் விழவில்லை. கடைவரிசை வந்ததும் அரிசி மண்டிக்கு முன்னால் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டீர்கள். அண்ணன் போன நாளிலிருந்து நீங்கள் அழுது நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் வாங்கி வரவா என்று கேட்டேன். அதற்கும் திட்டினீர்கள். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொட்டகையில் விழுந்து கிடந்த அண்ணனைத் தூக்கினவர்கள் யாரென்றுகூட நான் உங்களிடம் இதுவரை கேட்டதில்லை. அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். “நானும் வீரமுத்துவும்” என்றீர்கள்.

மண்டிக்காரர் வெளியே வந்து, “அண்ணே, அக்காவ அங்கிட்டு உக்காரச் சொல்லுங்க, இங்க லாரி வரும்” என்றார்.

“வரட்டும் லா!” என்று கத்தினீர்கள். அவர் பயந்து உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. ஹார்ன் அடிக்காமல் நின்றது. நாம் இரண்டு பேரும் எழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு, வழிவிட்டோம்.

சீலன்